ஓடுகிற சிஸ்டத்தை எப்போது தொடலாம்?

“நல்லா ஓடிக்கிட்டிருக்கிறத எதுக்குத் தம்பி மாத்தணும்?” கீழக்கரையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பவனிடம் ஊர் கேட்கும் கேள்வி இது. வள்ளல் சீதக்காதி சாலையில் மொத்த வியாபாரம் செய்பவர் கேட்பார். உம்ராவுக்கு டிக்கெட் போடும் டிராவல்ஸ்காரர் கேட்பார். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ்காரர், ஜமாஅத் அலுவலகத்தில் நிக்காஹ் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருப்பவர், பள்ளிக்கூட லேப் பொறுப்பாளர் என்று எல்லோரும் கேட்பார்கள். விவரம் தெரியாதவர்கள் கேட்கும் கேள்வி என்று இதை நான் ஒருநாளும் ஒதுக்கியதில்லை. ஒரு கடைக்காரர் தன் கம்ப்யூட்டரை நினைக்காமலே காலையில் கடை திறந்து இரவில் பூட்டுகிறார் என்றால், அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று பொருள். அந்த நிம்மதியைக் கலைக்க நம்மிடம் தக்க காரணம் இருக்க வேண்டும்.

ஆனால் எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் ஆயுள் உண்டு. தயாரித்தவர் ஒருநாள் கைவிடுவார். அதற்கு முன்பே, வாடிக்கையாளருக்கு வேலை குறைவான ஒரு நாளில், பழையதுக்குத் திரும்பி வர வழி வைத்துக்கொண்டு மாற்றிவிட வேண்டும். சொல்ல எளிது. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் கூடி வருவது கடினம். அதைக் கூட்டி வைப்பதுதான் இந்தத் தொழிலின் பெரும்பகுதி என்பது என் அனுபவம்.

நான் தொழிலுக்கு வந்தபோது ஊர் முழுக்க விண்டோஸ் எக்ஸ்பி. பிரவுசிங் சென்டரில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு துபாயிலும் ரியாத்திலும் இருக்கும் பிள்ளைகளோடு பேச வரும் உம்மாக்களுக்கும் அதே எக்ஸ்பி. கடைக் கணக்குக்கும் அதே எக்ஸ்பி. 2001 அக்டோபரில் வெளிவந்த அந்த சிஸ்டத்துக்கு 2014 ஏப்ரல் 8 வரை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுத்தது. பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஒன்றோடேயே பழகியதால் கம்ப்யூட்டர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஊருக்குப் பதிந்துவிட்டது. கெட்டுப்போனால் ஃபார்மட் அடித்து மறுபடியும் அதையே போட வேண்டும்; சர்வீஸ் என்றால் அவ்வளவுதான். 2014-க்குப் பிறகுதான் எதற்கு மாறுவது, எப்போது மாறுவது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டி வந்தது.

அப்போது கற்றுக்கொண்ட முதல் பாடம், மேசைக்குப் பின்னால் போய்ப் பார்ப்பது.

மளிகை மொத்த வியாபாரம் செய்யும், காக்கா என்று நாங்கள் அழைக்கும் ஒருவரின் கடை. முன்னால் நின்று பார்த்தால் சாதாரண எக்ஸ்பி மெஷின். பின்னால் குனிந்து டார்ச் அடித்தால், அகலமான பேரலல் போர்ட்டிலிருந்து தடித்த கேபிள் ஒன்று டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்குப் போகிறது. கடற்காற்றின் உப்பில் கனெக்டரின் இரண்டு திருகுகளும் துருவேறி இறுகிப்போயிருந்தன. பில் போடும் புரோகிராம் டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோவில் எழுதியது. எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டார். கறுப்புத் திரை, மவுஸ் கிடையாது. கல்லாவில் இருந்த பையன் கீபோர்டைப் பார்க்காமலே எஃப் விசைகளைத் தட்டுவான். வாங்க வந்தவர் பணத்தை எண்ணி முடிப்பதற்குள் கார்பன் வைத்த மூன்று நகல் பில் கிழிந்து கைக்கு வந்துவிடும்.

இந்த மெஷினில் 64 பிட் விண்டோஸைப் போட்டால் அந்தப் புரோகிராம் திறக்கவே திறக்காது. 16 பிட் புரோகிராம்களை ஓட்டும் பகுதியை மைக்ரோசாஃப்ட் 64 பிட் பதிப்புகளில் வைக்கவில்லை. புது மதர்போர்டு வாங்கினால் பேரலல் போர்ட் பெரும்பாலும் இருக்காது. பிரின்டரும் மாற வேண்டும். சிஸ்டத்தை மட்டும் மாற்றுவதாக நாம் நினைப்போம். அந்தக் கடையிலோ பில்லும் பிரின்டரும் அந்தப் பையனின் கைப்பழக்கமும் சேர்ந்து மாறுகின்றன. அதனால் 32 பிட் விண்டோஸ் 7-ஐப் போட்டு, அதே புரோகிராமை ஓட்டிக் காட்டி, அதே பிரின்டரில் பில் எடுத்துக் கொடுத்தேன். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. பழைய புரோகிராமுக்கு அந்த வரிக்கணக்கு தெரியாது. வேலையே மாறிவிட்ட அந்த நேரத்தில் புது கணக்கு சாஃப்ட்வேர், புது மெஷின், 64 பிட் விண்டோஸ் 10 மூன்றையும் ஒன்றாகக் கொண்டுவந்தோம். காக்கா மறுப்பே சொல்லவில்லை. எப்படியும் புதிதாகக் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்ற மனநிலையில் கடை முழுதும் இருந்தது. பழைய பாக்கிக் கணக்கைப் பார்ப்பதற்காகப் பழைய மெஷினை நெட் கனெக்ஷன் இல்லாமல் ஓரமாக வைத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து யார் அப்கிரேட் கேட்டாலும் முதலில் நான் பார்ப்பது மெஷினோடு சேர்ந்த பொருட்களை: டாலி கணக்கு சாஃப்ட்வேர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், கைரேகைக் கருவி, ஸ்கேனர், பார்கோடு பிரின்டர். இதில் எதற்குப் புது சிஸ்டத்தில் டிரைவர் இல்லையோ, அதுதான் நமக்கு நாள் குறிக்கும்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ்ஸில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே எல்லாம் பேஜ்மேக்கர் 7. அடோபி அதை 2001-ல் வெளியிட்டது. அந்த வரிசையில் அதுதான் கடைசி. அதற்கு யூனிகோட் தெரியாது. தமிழ் எல்லாம் வானவில், பாமினி, ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்களில், ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியீட்டு முறையில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் மணமகன் பெயரும் வாப்பா பெயரும் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும். பத்திரிகையின் தலைப்பில் வரும் பிஸ்மில்லாஹ்வை வலமிருந்து இடமாக அடிக்க அதில் வசதி இல்லை, படமாகத்தான் ஒட்டுவார்கள். பல வருட வேலை அந்த ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறது. மூத்த மகளுக்கு அடித்த அதே மாதிரியில் இளையவளுக்கும் வேண்டும் என்று கேட்டு வரும் குடும்பங்கள் இங்கே நிறைய.

தமிழக அரசு 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், யூனிகோடை அரசுப் பயன்பாட்டுக்கான குறியீட்டு முறையாக அறிவித்தது. அதற்குப் பிறகும் பிரஸ்கள் பல வருடம் பழைய வழியிலேயே போயின. அதைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுடைய சரக்கே பழைய குறியீட்டில் இருந்தது. நான் செய்ததெல்லாம் இரண்டு. எக்ஸ்பி மெஷினின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, அதைப் பேஜ்மேக்கருக்கு மட்டும் என்று ஆக்கினேன். பக்கத்தில் புது சிஸ்டம் உள்ள ஒரு மெஷினை வைத்து, மெயில், வாட்ஸ்அப், வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவ் எல்லாவற்றையும் அதில் மட்டும் திறக்கச் சொன்னேன். பழைய எழுத்துகளை யூனிகோடுக்கு மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் உண்டு. தேவைப்படும் கோப்பை மட்டும் தேவைப்படும்போது மாற்றிக்கொண்டார்கள். சில இடங்களில் சரியான முடிவு மாற்றாமல் தனிமைப்படுத்தி வைப்பது. வெளியுலகத்தோடு பேசாத மெஷினுக்குக் காலக்கெடு இல்லை. அதன் ஹார்ட் டிஸ்க் எத்தனை நாள் தாங்கும் என்பது மட்டும்தான் கவலை. அதையும் இமேஜ் எடுத்து வைத்துவிட்டால் அந்தக் கவலையும் குறையும்.

வெளியுலகத்தோடு பேசுகிற மெஷின்களின் கதை வேறு. 2017 மே 12, வெள்ளிக்கிழமை, வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. அந்த வார இறுதியில் ஊரில் போன் செய்தவர்கள் எல்லோரும் கேட்டது, “எக்ஸ்பியை இப்பவே மாத்திடலாமா?” என்றுதான். ஆனால் அந்தத் தாக்குதலில் அதிகம் அடிபட்டது விண்டோஸ் 7. அப்போது அது பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருந்த சிஸ்டம். வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் கையில் இருந்தும் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். தாக்குதல் தொடங்கிய பிறகு எக்ஸ்பிக்கும் ஒரு அவசரத் திருத்தம் வெளியிட்டார்கள்.

இதிலிருந்து வாடிக்கையாளர்களிடம் இரண்டு வேலைகளைப் பிரித்துச் சொல்ல ஆரம்பித்தேன். இருக்கிற சிஸ்டத்துக்கு மாதாமாதம் வரும் பாதுகாப்புத் திருத்தம் ஒன்று. வேலையைக் காரணம் காட்டி அதை மாதக்கணக்கில் தள்ளக் கூடாது. ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்குப் போவது இன்னொன்று. அதற்கு யோசித்துத்தான் நாள் குறிக்க வேண்டும். முதலாவதை ஒழுங்காகச் செய்பவர்களுக்கு இரண்டாவதில் அவசரமே வராது. ஊரில் நிறையப் பேர் இதற்கு நேர்மாறாக இருந்தார்கள். கிராக் செய்த விண்டோஸைப் போட்டு, ஆக்டிவேஷன் போய்விடுமோ என்று அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். புது வெர்ஷன் வந்தால் மட்டும் அதே வாரம் கேட்பார்கள். கிராக் போட்ட மெஷினில் கடைக் கணக்கை வைக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். மிச்சமாகும் பணத்தைவிட அந்த ஹார்ட் டிஸ்கில் இருப்பது பெரிய சொத்து.

புதியது வந்த வாரமே ஏன் போடக் கூடாது என்பதற்கும் ஆதாரம் காட்டுவேன். 2018 அக்டோபர் 2-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10-இன் புதிய பதிப்பு, சிலருடைய ஆவணங்களும் படங்களும் இருந்த ஃபோல்டர்களையே அழித்தது. சில நாளில் அதை நிறுத்திவிட்டு, சரிசெய்து நவம்பர் 13-ல் மறுபடி வெளியிட்டார்கள். அந்த ஆறு வாரம் பொறுத்திருந்தவர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் நின்றன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் ஊர் இது. அன்று டிராவல்ஸ்காரர்களின் போன் ஓயவில்லை. பாதுகாப்புக்காக அனுப்பியதே என்றாலும், எல்லா மெஷினுக்கும் ஒரே நேரத்தில் போனதால்தான் சேதம் அத்தனை பெரிதானது. பல மெஷின் உள்ள இடத்தில் முதலில் ஒன்றில் போட்டு, ஒரு வாரம் பார்த்து, பிறகு மற்றவற்றுக்குப் போகும் பழக்கம் எங்களிடம் உறுதியானது அதன் பிறகுதான்.

லினக்ஸ் பக்கம் நான் வந்தது இலவச மடிக்கணினிகள் வழியாக. 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய சிஸ்டம் அது. அதை நீக்கி இடத்தையெல்லாம் விண்டோஸுக்கே கொடுக்கச் சொல்லித்தான் பிள்ளைகள் கடைக்குக் கொண்டு வந்தார்கள். நீக்குவதற்கு முன்னால் இது என்னவென்று பார்ப்போமே என்று உட்கார்ந்ததில் டெபியன் பழகிற்று. பிறகு ஒரு பள்ளிக்கூடத்தின் லேப் சர்வரை டெபியனில் அமைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்தது.

டெபியன் ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளியிடும். ஒவ்வொரு பதிப்புக்கும் மூன்று வருடம் முழுப் பராமரிப்பு. அதன்பின் வேறொரு குழு இரண்டு வருடம் பார்த்துக்கொள்ளும். புதியது வந்த பிறகும் பழையதுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முழுப் பராமரிப்பு மிச்சம் இருக்கிறது. நமக்கான அவகாசம் அதுதான். 12-ஆம் பதிப்பான புக்வார்ம் 2023 ஜூன் 10, சனிக்கிழமை வெளிவந்தது. தமிழ்நாட்டில் பள்ளிகள் அந்த வருடம் வெயிலால் தள்ளிப்போய், ஆறாம் வகுப்பிலிருந்து மேலே ஜூன் 12, திங்கட்கிழமை திறந்தன. பிள்ளைகள் புது வகுப்புக்கு வரும் நேரத்தில் சர்வரைத் தொட எந்த நியாயமும் இல்லை. காலாண்டு விடுமுறைக்கு என்று முடிவு செய்தோம். அதற்குள் பிழைகளைத் திருத்திய 12.1 ஜூலை 22-ல் வந்துவிட்டது.

டெபியன் சர்வரில் ஒரு கோப்பை எப்போதும் நான் முதலில் பார்ப்பேன். மென்பொருள் எங்கிருந்து இறங்க வேண்டும் என்று எழுதியிருக்கும் சோர்சஸ் லிஸ்ட். அதில் பதிப்பின் பெயரை எழுதலாம். பொதுவாக ‘ஸ்டேபிள்’ என்றும் எழுதலாம். பொதுப்பெயரை எழுதியிருந்தால், புதிய பதிப்பு வெளியான நாளில் வழக்கமான அப்டேட் கொடுத்தாலே மெஷின் அடுத்த பதிப்பை நோக்கி நகரத் தொடங்கிவிடும். நாள் குறிக்கும் பொறுப்பு நம் கையைவிட்டுப் போய்விடும். அதனால் எல்லா சர்வரிலும் பதிப்பின் பெயரையே எழுதி வைக்கிறேன். அந்த ஒரு வரியை நான் மாற்றினால்தான் மெஷின் நகரும்.

அந்தக் காலாண்டு விடுமுறைக்கு முன்பு, சர்வரின் டிஸ்கை குளோன்ஸில்லாவால் அப்படியே நகலெடுத்து, கடையில் இருந்த வேறொரு மெஷினில் ஏற்றி, அதில்தான் முதலில் அப்கிரேட் செய்து பார்த்தேன். பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் பழைய மாணவர் ஒருவர் பி.எச்.பி.யில் எழுதிக் கொடுத்திருந்தார். பழைய டெபியனில் பி.எச்.பி. 7.4, புதியதில் 8.2. இடையில் சில பழைய ஃபங்ஷன்களையே நீக்கிவிட்டார்கள். நகல் மெஷினில் வருகைப் பக்கத்தைத் திறந்தால் வெள்ளையாக வந்து நின்றது. பள்ளியில் சர்வர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஆசிரியருக்கும் இது தெரியாது. எழுதியவருக்கே அனுப்பிச் சரிசெய்து வாங்கிய பிறகுதான் விடுமுறையில் உண்மையான சர்வரில் கை வைத்தேன். வெளியீட்டுக் குறிப்புகளில் இன்னொன்றும் இருந்தது: நெட்வொர்க் கார்டு போன்றவற்றின் ஃபர்ம்வேர் புதிய பதிப்பில் தனிப் பிரிவுக்குப் போய்விட்டது, சோர்சஸ் லிஸ்டில் அந்தப் பிரிவையும் சேர்க்க வேண்டும். படிக்காமல் போயிருந்தால் அந்த ஃபர்ம்வேருக்குத் திருத்தமே வந்து சேர்ந்திருக்காது. அப்கிரேட் ஓடும்போது நடுவே நின்று, நாம் கைவைத்த கோப்புகளில் புதியதைப் போடவா, உங்களுடையதை வைத்துக்கொள்ளவா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். அந்தக் கேள்விகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பதில் சொல்ல வேண்டும். அன்றைக்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இல்லை என்று பேப்பரில் பார்த்துக்கொண்டு, யு.பி.எஸ். பேட்டரியையும் சோதித்துவிட்டுத்தான் தொடங்கினேன்.

நம்பகமான பதிப்புகளிலும் பொறுமை வேண்டும் என்பதை அதே வருடம் டிசம்பரில் டெபியனே காட்டியது. 12.3-உடன் வந்த கெர்னலில் இருந்த ஒரு பிழை, கோப்பு அமைப்பில் தரவைச் சிதைக்கக்கூடியது என்று தெரிந்ததும் வெளியீட்டைப் பாதியில் நிறுத்தினார்கள். சரிசெய்த கெர்னலோடு 12.4 டிசம்பர் 10-லேயே வந்தது. பிழையை மறைக்காமல், போடாதீர்கள் என்று உடனே சொன்ன அந்த நேர்மைக்காக டெபியன் மேல் எனக்கு மரியாதை கூடியது. பாதுகாப்புத் திருத்தத்தை உடனே போடு, தொகுப்பாக வருவதைச் சில நாள் கழித்துப் போடு, புதிய பதிப்புக்கு முதல் திருத்த வெளியீடு வரட்டும் என்ற என் வரிசை அந்த வருடம்தான் முழுமையானது.

தொடாமல் விட்டாலே பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் தேதி 2021 செப்டம்பர் 30. பல இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கு அடிப்படையாக இருந்த ஒரு வேர்ச்சான்றிதழ் அன்று காலாவதியானது. பழைய ஓபன்எஸ்எஸ்எல் வைத்திருந்த லினக்ஸ் மெஷின்களும் அப்டேட் பார்க்காத பழைய கம்ப்யூட்டர்களும் முந்தின நாள் திறந்த தளங்களை அன்று திறக்க மறுத்தன. ஒருவரும் கை வைக்கவில்லை. சுற்றி இருந்த உலகம் நகர்ந்துவிட்டது. விண்டோஸ் 7-இலும் இதே கதைதான். 2020 ஜனவரி 14-ல் பராமரிப்பு நின்றது. கடைக்காரருக்கு அது உறைக்கவில்லை. 2023-இல் குரோம் பிரவுசர் தன் 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டபோதுதான் உறைத்தது. பழைய சிஸ்டத்தின் முடிவு பெரும்பாலும் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் ஓடும், பில் வரும், ஆனால் ஜி.எஸ்.டி. தளமோ வங்கித் தளமோ ஒருநாள் தகராறு செய்யும். அது மாதம் 20-ஆம் தேதி, ஜி.எஸ்.டி.யின் 3பி படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டிய நாளாக இருந்தால் வாடிக்கையாளருக்குப் பொறுமை இருக்காது, நமக்கும் நேரம் இருக்காது.

வங்கிகளின் ஏ.டி.எம். மெஷின்களும் வெகுகாலம் எக்ஸ்பியில்தான் ஓடின. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி கெடு வைத்தது: செப்டம்பருக்குள் கால்பங்கு, டிசம்பருக்குள் பாதி, அடுத்த மார்ச்சுக்குள் முக்கால், 2019 ஜூனுக்குள் அனைத்தும். பராமரிப்பு நின்று நான்கு வருடம் கழித்து வந்த கெடு என்பது வருத்தம். ஆனாலும் படிப்படியாகச் செய் என்று சொன்ன முறை எனக்குப் பிடித்தது. ஒரு கடையில் நாலு மெஷின் இருந்தாலும் அதே கணக்குதான்: ஒன்று முதலில், கல்லா மெஷின் கடைசியில்.

எங்கள் கடற்கரையில் விசைப்படகுக்காரர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி, இன்ஜினைப் பிரித்துப் பார்த்து, பெயின்ட் அடிக்கிறார்கள். நன்றாக ஓடுகிறதே என்று யாரும் படகைத் தண்ணீரிலேயே விடுவதில்லை; தொழில் நடக்கும் மாதத்தில் யாரும் கரையேற்றுவதும் இல்லை. கீழக்கரைக் கடைகளுக்கும் அப்படி ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. துணிக்கடையை ரமலானில் தொடக் கூடாது. பெருநாள் முடிந்த மறுவாரம் கேட்டால் நாள் முழுக்கக் கொடுப்பார்கள். டிராவல்ஸை ஹஜ் சீசனுக்கு முன்பு தொடக் கூடாது. பிரஸ்ஸுக்கு வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து கல்யாணங்கள் கூடும் மாதங்கள் ஆகாது. நோன்பு மாதம் தோது. கணக்கு எழுதுபவர்களுக்கு மார்ச்சும் ஏப்ரலும் ஆகாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடை அடைக்கும் நேரத்தில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. அப்கிரேட் அரை மணி நேரத்தில் முடியலாம். அதன்பின் ஒவ்வொரு கருவியையும் ஓட்டிப் பார்க்க ஒரு முழு நாள் வேண்டும்.

திரும்பி வரும் வழிக்கு நான் கண்ட மிக எளிய முறை, பழைய டிஸ்கைத் தொடாமலே விடுவது. புது எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கச் சொல்லி, அதில் புது சிஸ்டத்தைப் போடுவேன். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி ஆன்டி-ஸ்டாட்டிக் கவரில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று வைத்து, தேதி எழுதி, ஓனர் கையிலேயே கொடுத்துவிடுவேன். எங்கள் ஊர்க் காற்றுக்கு அந்தப் பொட்டலம் அவசியம். புதியதில் ஏதாவது ஓடவில்லை என்றால் பழைய டிஸ்கை மாட்டிவிட்டு அன்றைய வியாபாரத்தைத் தொடரலாம். ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும். ஒரு வருடக் கணக்கு முடிந்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் சொல்லும்வரை அந்த டிஸ்க் அவர் பீரோவில் இருக்கும். திரும்பி வர முடியும் என்று தெரிந்தவர்கள் பயமில்லாமல் சம்மதிக்கிறார்கள். நானும் பதற்றமில்லாமல் வேலை செய்கிறேன்.

இப்போது ஊருக்கு முன்னால் நிற்பது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான பராமரிப்பு முடிந்தது. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அறிவித்தார்கள். விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். இங்கே கடைகளில் பாதிக்குமேல் அதற்கு முந்தைய மெஷின்கள். எஸ்.எஸ்.டி. மாற்றியதும் புதிதுபோல் ஓடுகின்றன. சோதனையைத் தாண்டிப் போட குறுக்குவழி உண்டு. ஆனால் அப்படிப் போட்ட மெஷினுக்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி கொடுப்பதில்லை. திருத்தம் வேண்டும் என்பதற்காகத்தானே மாற்றுகிறோம்? கடைக் கணக்கு இருக்கும் மெஷினில் அந்தக் குறுக்குவழியில் நான் போக மாட்டேன். பிரவுசரும் டைப்பிங்கும் மட்டும் போதும் என்கிற மெஷினுக்கு டெபியனோ உபுன்டுவோ போட்டுக் கொடுக்கிறேன். டாலியும் டோக்கனும் வேண்டிய இடத்தில், நீட்டிப்பு முடிவதற்குள் மெஷின் மாற்றப் பணம் ஒதுக்கச் சொல்கிறேன். மிகப் பழைய 32 பிட் மெஷின்களுக்கு லினக்ஸிலும் கதவு மூடுகிறது: 2025 ஆகஸ்ட் 9-ல் வந்த டெபியன் 13-ல் அவற்றுக்கு இன்ஸ்டாலரே கிடையாது.

கொடுத்த தேதியும் மாறலாம். சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸை 2029 வரை பார்த்துக்கொள்வோம் என்றவர்கள், 2020 டிசம்பரில் அதை 2021 டிசம்பருடன் நிறுத்துவதாக அறிவித்தார்கள். ஒரு தேதியைக் குறித்து வைத்தால் போதாது, வருடம் ஒருமுறையாவது அதைச் சரிபார்க்க வேண்டும்.

அதனால் ஒவ்வொரு வாடிக்கையாளரின் சி.பி.யு. பெட்டியிலும் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். என்ன சிஸ்டம், பராமரிப்பு எந்தத் தேதி வரை, மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று தமிழில் மூன்று வரி. அதைப் பார்த்துத் தேதிக்குப் பல மாதம் முன்பே கூப்பிட்டு, எந்த வாரம் தோதுப்படும் என்று அவர்களே நாள் சொல்கிறார்கள். தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: எந்த வெர்ஷன் நல்லது என்று உனக்குத் தெரிந்திருக்கலாம், அந்தக் கடையில் எந்த நாள் வேலை குறைவு, எந்தப் பொருள் நின்றால் வியாபாரம் நிற்கும் என்று ஓனருக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி நாள் குறியுங்கள். பழைய டிஸ்க் அவர் கையில் பத்திரமாக இருக்கட்டும். அதற்குப் பிறகு சிஸ்டத்தைத் தொடு.